புனல் தங்கைக்கு, பெட்டி அண்ணனுக்கு

பொங்கலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது தர்சினி என் வீட்டுக்கு வந்து ஒரு கறுப்பு வளையத்தை நீட்டினாள். பிளாஸ்டிக் வளையம். யாழ்ப்பாணத்தில் கணினியோடு இணைத்த ஏதோ ஒரு இயந்திரம் அதை அச்சிட்டுக் கொடுத்ததாம். ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்குக் கிட்ட நான் வேலை செய்த பாட்டுப்பெட்டிப் பட்டறையை இப்போது நடத்துகிறவள் அவள்தான். கெட்டிக்காரி, வாயும் அதற்கேற்ற வாய்.

"இராசண்ணை, அளவு அச்சொட்டாய் இருக்குது. இதைக் கொண்டுபோய்ச் சரவணையிலை, அந்தப் பாட்டுப்பெட்டி வீட்டிலை குடுத்துவிடுங்கோ. இனிப் பொங்கலுக்குப் பொங்கல் நீங்கள் பஸ் ஏறி அலையத் தேவையில்லை."

"நான் அலையிறன் எண்டு ஆர் சொன்னது?"

"அப்ப ஏன் போறியள்?"

"அது பெரிய கதை."

"பெரிய கதையெண்டால் எழுதித் தாங்கோ. பட்டறைக்கு வாற ஆக்களும் கேட்டபடி."

கேட்டுவிட்டாள், எழுதுகிறேன். தற்பெருமை என்று நினைக்கிறவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். ஒரு தொழிலில் ஆயுள் முழுக்கக் கிடந்தவனுக்கு ஒரு வெற்றியையாவது வாய் நிறையச் சொல்ல உரிமை இருக்கிறது.

எங்கள் தொழில் பழைய பாட்டுப்பெட்டிகளைச் சேர்ப்பதும் திருத்துவதும். கொம்பு வைத்த கிராமபோன் என்று வெளியில் சொல்வார்கள். அந்தக் கொம்பை நாங்கள் புனல் என்போம். எங்கள் கைக்கு வந்தவை பெரும்பாலும் கையால் அடித்த பித்தளைப் புனல்கள். தகட்டை இதழ் இதழாக வெட்டி, அடித்து வளைத்து, பொருத்தில் ஈயம் பற்றவைத்துச் செய்தவை. கப்பலில் போய் உழைத்த தீவார், அதாவது எங்கள் தீவுகளின் ஆட்கள், ஆசைப்பட்டு வாங்கிவந்து வீட்டில் வைத்தார்கள். போர்க்கால இடப்பெயர்வில் பாதி போயிற்று. மீதி, ஆட்கள் ஊர் திரும்பிய பிறகு பரணிலிருந்தும் ஆட்டுக்கொட்டிலிலிருந்தும் ஒவ்வொன்றாக இறங்கிவந்தது. பட்டறைக்கு அதுதான் பொற்காலம்.

நான் வேலை பழகிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் கூட்டினேன், பிறகு துடைத்தேன், பிறகு மண்ணெண்ணெய்யில் ஊறப்போட்ட பற்சக்கரங்களைத் தூரிகையால் உரசினேன். ஒருநாள் மேசையில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. அவ்வளவுதான்.

சொல்லவேண்டியது ஞானம் மாஸ்டரைப் பற்றி. பட்டறை அவருடையது. வெள்ளை நீளக்காற்சட்டையோடு வந்து வெள்ளை நீளக்காற்சட்டையோடு போவார். கிறீசுக்கும் எண்ணெய்க்கும் நடுவில் கிடந்து அது எப்படி வெள்ளையாகவே இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. வந்த பெட்டியை முதல்நாள் திறக்கமாட்டார். மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றி வருவார். கண்ணை மூடிக்கொண்டு புனலின் பொருத்துகளில் பெருவிரலை ஓட்டுவார். கையால் அடித்த புனலில் இதழுக்கு இதழ் ஏதாவது வித்தியாசம் இருக்கும். எல்லா இதழும் ஒன்றாய் இருந்தால் அது இயந்திரத்தில் அடித்தது. கொண்டுவந்தவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஆர் கடைசியாய்ச் சாவி குடுத்தது?" அதற்குப் பதில் சொல்லும் முகத்தை வைத்தே பெட்டியின் பாதி நோயைச் சொல்லிவிடுவார்.

பாராட்டில் மனுசன் மகா கஞ்சன். நாள் முழுக்க மாய்ந்து ஒரு வேலையை முடித்து முன்னால் வைத்தால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கெடுக்கேல்லை" என்பார். கெடுக்கவில்லையாம், அதற்குமேல் ஒரு சொல் வராது. அந்தக் 'கெடுக்கேல்லை'யை வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டு சட்டங்கள் வைத்திருந்தார். ஒருவர் கொண்டுவந்த பெட்டியைப் பற்றி இன்னொருவரிடம் கதைக்கக்கூடாது. சரிவராத பெட்டியைச் சரிவந்தது என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கக்கூடாது. இந்த இரண்டு சட்டமும் ஒருநாள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

அதற்குமுன் நெடுந்தீவுப் பெட்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. வள்ளக்காரர் ஒருவர் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். சாக்கு அவிழுமுன்பே மணம் வந்துவிட்டது. துறைமுகத்துப் பூனைகள் எல்லாம் பட்டறை வாசலில் கூடிவிட்டன. விசாரித்தால், உப்புக்காற்று பிடிக்கக்கூடாது என்று வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெய்யை வருடா வருடம் பெட்டிக்குள்ளும் ஊற்றி வந்திருக்கிறார்.

"வள்ளமே இத்தினை வருசம் நிக்குது. பெட்டி நிக்காதே?" என்று எங்களையே கேட்டார்.

உள்ளே எல்லாம் கறுத்த பாகாய் இறுகிக் கிடந்தது. எறியவேண்டியதுதான் என்று நான் நினைத்தேன். மாஸ்டர் மண்ணெண்ணெய்யில் ஊறப்போடச் சொன்னார். ஊறவைத்தேன், சுரண்டினேன், திரும்ப ஊறவைத்தேன். பாகு கழன்று உள்ளேயிருந்து சுருள்வில் வெளியே வந்தபோது அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பொட்டுத் துரு இல்லை, புதுக்கத்தி மாதிரி மினுங்கியது. எங்கள் பட்டறையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு வில்லை நான் கண்டதில்லை. மாஸ்டர் வில்லைப் பார்த்தார், வள்ளக்காரரைப் பார்த்தார்.

"கெடுக்கேல்லை" என்றார். எனக்கல்ல, வள்ளக்காரருக்கு! அன்று எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

இனிச் சரவணைக் கதை.

ஒரு காலைநேரம் சரவணையிலிருந்து பரமேசு அக்கா ஓட்டோவில் ஒரு பாட்டுப்பெட்டியோடு வந்து இறங்கினா. புனல் என்றால் புனல். வாய் அகன்று, இதழ்கள் விரிந்து, நான் அதுவரை பார்த்ததில் அழகானது. ஆனால் வருசப்பிறப்புக்கும் பொங்கலுக்கும் புளி போட்டு மினுக்கி மினுக்கிப் பொருத்தெல்லாம் தேய்ந்திருந்தது. மாஸ்டர் முகத்தைச் சுளித்தார்.

"தங்கச்சி, புளி போட்டு மினுக்க இது குத்துவிளக்கில்லை."

"மாஸ்டர், ஏசுறதைப் பிறகு ஏசுங்கோ. மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை பகுதி வந்து இறங்கேக்கை இது பாடவேணும். அப்பாவின்ரை பெட்டி. இப்ப பாடினால் தடிமன் பிடிச்சு மூக்கடைச்ச மாதிரிக் கிடக்கு."

பெட்டியைத் தொட்டவுடன் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. புனல் பழசு, பெட்டி புதுசு. யாரோ தச்சர் செய்த பலகைப் பெட்டிக்குள் எங்கிருந்தோ கழற்றிய வலுவில்லாத ஓர் இயக்கம், அதாவது இசைத்தட்டைச் சுழற்றும் பொறி, கிடந்தது. அதன் பின்குழாய் தடிப்பமானது. அதில் ஏற்றுவதற்காகப் புனலின் ஒடுங்கிய கழுத்தை ஒரு துண்டு வெட்டி எறிந்திருந்தார்கள். அப்படி ஒரு புனலுக்குக் கழுத்தை வெட்ட எந்தக் கைக்கு மனம் வந்ததோ!

அதே கிழமை புளியங்கூடலில் இருந்து சிவபாதம் அண்ணை சைக்கிள் கரியரில் இன்னொரு பாட்டுப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். தோட்டம் செய்கிற மனிதர், அதிகம் கதைக்கமாட்டார். அவருடைய பெட்டி தேக்கு. உள்ளே இயக்கம் மணிக்கூடு மாதிரி ஓடியது. புனல்தான் வெறும் தகரம், உள்ளூரில் அடித்தது, பாட்டு வந்தால் கிடுகிடுவென்று அதிர்ந்தது. அந்தத் தகரத்தின் சின்னக் கழுத்துக்காகப் பெட்டியின் பின்குழாயை அரத்தால் ராவி ஒல்லியாக்கியிருந்தார்கள்.

"ஆர் கடைசியாய்ச் சாவி குடுத்தது?" மாஸ்டர் கேட்டார்.

"நான்தான். வேறை ஆர்? அப்பா இருக்கேக்கையும் நான்தான்."

"என்ன அவசரம்?"

"தங்கச்சியின்ரை மகளுக்குக் கலியாணமாம். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, ஊருக்குள்ளை கேள்விப்பட்டனான். அவள் வந்து சொன்னால் நான் சும்மா கையை வீசிக்கொண்டு போகேலுமே? அப்பாவின்ரை பெட்டியைக் கொண்டுபோய் வைக்கவேணும்."

"வந்து சொல்லாட்டி?"

சிவபாதம் அண்ணை சைக்கிளின் மணியைத் துடைத்தார். "சொல்லாட்டி என்ன, வீட்டிலை இருந்து கேப்பன்."

மாஸ்டரைப் பார்த்தேன். அவர் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

கதை இதுதான். இரண்டு பேரும் அதை ஆளுக்கொரு பாதியாக எங்களுக்குச் சொன்னார்கள். எங்கள் ஊர்களில் கிணற்றிலும் பங்கு எழுதுவோம், பாதையிலும் பங்கு எழுதுவோம். இவர்களுடைய தகப்பன் ஒருபடி மேலே போய்ப் பாட்டுப்பெட்டியைப் பங்கு பிரித்தார். வீடு சீதனமாக மகளுக்குப் போனது. பெட்டி மகனுக்கு, புனல் மகளுக்கு. பாட்டுக் கேட்க ஆசை வந்தால் ஒருவர் வீட்டுப் படியை மற்றவர் மிதித்தே ஆகவேண்டும் என்பது மனுசனின் கணக்கு. பொங்கலுக்குப் பொங்கல் அண்ணன் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போவார், பாட்டு நடக்கும். பிறகு தோட்டக்காணி வேலியை யாரோ ஒரு முழம் தள்ளிப்போட, கதை பேச்சு நின்றது. பாட்டு ஆசை மட்டும் நிற்கவில்லை. மற்றவரிடம் போய்க் கேட்பதா என்று தங்கை புதிதாய் ஒரு பெட்டி செய்வித்தா, அண்ணன் புதிதாய் ஒரு புனல் அடிப்பித்தார். தகப்பன் ஒன்று நினைத்தார், பிள்ளைகள் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

இப்போது கலியாணம். எங்கள் பக்கத்தில் கலியாணத்தை வீட்டுக்கு வந்து சொல்லவேண்டும். வந்து சொல்லாத கலியாணத்துக்குச் சொந்தத் தாய்மாமன் என்றாலும் போகமாட்டார். தாய்மாமன் நிற்காத கலியாணத்தில் பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்று தீவில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தங்கையோ, "வேலியைப் பற்றி அவர் வந்து கதைக்கட்டும், நான் கலியாணம் சொல்லுறன்" என்று நின்றா.

"மாஸ்டர், ரெண்டு பேருக்கும் சொல்லுவம்" என்றேன்.

"நாங்கள் பெட்டி திருத்திற ஆக்கள், இராசு. ஆக்களைத் திருத்திற ஆக்கள் இல்லை."

"அப்ப ரெண்டையும் சரிவந்திட்டுது எண்டு குடுக்கப் போறியளே?"

அதுதான் முட்டுப்பட்ட இடம். இந்தப் புனலும் அந்தப் பெட்டியும் சேர்ந்தால்தான் பாட்டு. மற்ற இரண்டு பாதியையும் எத்தனை தரம் கழற்றிப் பூட்டினாலும் தடிமனும் கிடுகிடுப்பும் போகாது. மாஸ்டர் அன்று முழுக்க ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் இருந்துவிட்டு, போகும்போது கதவடியில் நின்று சொன்னார்.

"புனலையும் பெட்டியையும் சேர்த்துப் பாரும். ஏலுமெண்டால் பிறகு யோசிப்பம்."

சேர்ப்பது லேசா? வெட்டுப்பட்ட புனலின் கழுத்து அகன்றுவிட்டது, ராவுப்பட்ட குழாய் ஒல்லியாகிவிட்டது. ஒன்றுக்குள் ஒன்று விட்டால் கிலுகிலுத்தது. வெட்டி எறிந்த துண்டின் நீளத்துக்கு ஒரு வளையம் செய்யவேண்டும். மேற்பக்கம் அகலமாகவும் கீழ்ப்பக்கம் ஒடுக்கமாகவும் அது இருக்கவேண்டும். புனலின் பாரத்தைத் தாங்கவேண்டும். காற்று ஒரு நூல்கூடக் கசியக்கூடாது, கசிந்தால் குரல் போய்விடும்.

புதுத்தகடு சத்தத்துக்குச் சரிவராது என்பதால், திருத்த முடியாது என்று ஒதுக்கிவைத்த ஒரு பழைய புனலில் இருந்து தகடு வெட்டினேன். வைரம் பாய்ந்த மரத்தில் கூம்பாகக் கடைந்த அச்சில் வைத்து மரச்சுத்தியலால் தட்டினேன். பித்தளை தட்டத் தட்ட முறுகும். முறுகினால் நெருப்பில் காட்டி இளக்கி, ஆறவிட்டு, திரும்பத் தட்டவேண்டும். கொஞ்சம் பொறுமை தப்பினால் வெடித்துவிடும். வெடித்தது. திரும்ப வெட்டினேன். அதுவும் விளிம்பில் கீறியது. மாஸ்டர் கிட்டவே வரவில்லை. தன் மேசையில் இருந்து ஊசிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். மூன்றாவதை அடித்து முடித்து, பொருத்தில் ஈயம் பற்றவைத்து, புனலில் ஏற்றி, குழாயில் இறக்கினேன். இறுக்கிக்கொண்டு நின்றது. கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன், ஆடவில்லை.

அப்போதுதான் எழுந்துவந்தார். கசிவு பார்க்க எங்கள் பட்டறையில் ஒரு முறை இருந்தது. புனலைக் கழற்றிச் சாம்பிராணித் தட்டின்மேல் கவிழ்த்து, கழுத்து வாயை ஈரத்துணியால் அடைப்போம். புகை உள்ளே நிறைந்து, எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே நூலாக வெளியே வரும். மாஸ்டர் குனிந்து வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூக்கை வைத்தும் பார்த்தார். புகை வரவில்லை.

நான் 'கெடுக்கேல்லை'க்குக் காத்துக்கொண்டு நின்றேன். அவர் அதைக்கூடச் சொல்லவில்லை. "ரெண்டு பேரையும் ஒரே நாளிலை வரச்சொல்லும். வேலை முடிஞ்சுது எண்டு மட்டும் சொல்லும்" என்று கைகழுவப் போய்விட்டார்.

வந்தார்கள். பரமேசு அக்கா உள்ளே இருந்தா, சிவபாதம் அண்ணை வாசலில் சைக்கிளை நிறுத்தினார். இருவரும் ஒருவரையொருவர் கண்ட மாத்திரத்தில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். மேசையில் தகப்பனுடைய பெட்டி, அதன்மேல் தகப்பனுடைய புனல். இருவரும் சுவரை விட்டுவிட்டு அதைப் பார்த்தார்கள். மாஸ்டர் ஒரு நாதஸ்வரத் தட்டைப் போட்டு, ஊசியை இறக்கினார்.

அந்தச் சத்தம்! பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே அப்படி ஒரு நாதஸ்வரம் அதற்குமுன் கேட்டதில்லை. தெருவில் போன மீன்காரர் சைக்கிளோடு நின்றுவிட்டார். பரமேசு அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினா. எனக்கோ என் வளையம், என் வளையம் என்று உள்ளுக்குள் மேளமே அடித்தது.

பாதியில் பாட்டு இழுக்கத் தொடங்கியது, வில் தளர்ந்துவிட்டது. நான் எழும்புமுன் சிவபாதம் அண்ணை வாசலில் இருந்து ஓடிவந்து சாவியைப் பிடித்துச் சுற்றினார். பாட்டு நிமிர்ந்தது. தட்டு முடிந்ததும் பரமேசு அக்கா எழுந்துவந்து, யாரையும் கேட்காமல் பழைய ஊசியைக் கழற்றிப் புது ஊசியைப் பூட்டி, தட்டைத் திருப்பிப் போட்டா. சின்ன வயதில் தகப்பன் பிரித்துக்கொடுத்த வேலையாம். சாவி அண்ணனுக்கு, ஊசி தங்கைக்கு. மாஸ்டர் ஒருநாளும் அரைவாசிச் சாவி கொடுக்கிற ஆள் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆக்களைத் திருத்துவதில்லையாம்! கள்ளன்.

இரண்டாம் பக்கமும் முடிந்தது. அதோடு சுபம் என்று நினைத்தால் நீங்கள் தீவாரை அறியாதவர்கள்.

"பெட்டி என்ரை" என்றார் சிவபாதம் அண்ணை.

"புனல் என்ரை" என்றா பரமேசு அக்கா.

"நான் பெட்டியைக் கொண்டுபோறன்."

"கொண்டுபோங்கோ. நான் புனலைக் கொண்டுபோறன்."

மாஸ்டர் தன் வெள்ளைக் காற்சட்டையில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டு நடுவில் வந்தார். புனலைத் தூக்கி வளையத்தைக் கழற்றினார். புனலைத் தங்கை பக்கமும் பெட்டியை அண்ணன் பக்கமும் நகர்த்தினார். வளையத்தை என் உள்ளங்கையில் வைத்தார்.

"உங்கட உங்களுக்கு. இது இவரின்ரை. இவர் செய்தது. இவர் தராட்டி ரெண்டு பேருக்கும் பாட்டில்லை."

அந்தப் பட்டறையில் ஒரு துண்டு ஆணியைக்கூட அவர் என்னுடையது என்று சொன்னதில்லை. ஆனால் அதை நினைத்துப் பூரித்துக்கொண்டு நிற்கிற நேரமா அது? மூன்றாம் பங்காளியாகிவிட்டேன், பங்காளி மாதிரிக் கதைக்கவேண்டாமா?

"கலியாணத்தன்று வளையத்தோடை நான் வருவன்" என்றேன். "பெட்டிக்காரரும் நிக்கவேணும், புனல்காரியும் நிக்கவேணும். ஒராள் இல்லையெண்டாலும் வளையத்தைப் பொக்கற்றுக்குள்ளை போட்டுக்கொண்டு அடுத்த பஸ்சிலை வீட்டை போடுவன்."

பரமேசு அக்கா என்னைப் பார்த்தா, மாஸ்டரைப் பார்த்தா, கடைசியில் அண்ணனைப் பார்த்தா.

"அண்ணை, மகளுக்குக் கலியாணம். நீங்கள் வரவேணும்."

சிவபாதம் அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விட்டாரா?

"கடையிலை வைச்சே கலியாணம் சொல்லுறது? வீட்டை வா."

"வாறன். நாளைக்கே வாறன்."

"உன்ரை மச்சாள் புட்டு அவிச்சு வைப்பாள். சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்."

மறுநாள் போனாவாம், சாப்பிட்டாவாம். வேலியைப் பற்றி இருவரும் வாயே திறக்கவில்லையாம். அது இன்றைக்கும் அந்த ஒரு முழம் தள்ளித்தான் நிற்கிறது.

கலியாணத்தன்று மாப்பிள்ளை பகுதி வாசல் படலையைத் தாண்டும்போது தாய்மாமன் வேட்டி சால்வையோடு சாவி கொடுத்தார், தாய் ஊசியை இறக்கினா. பெண் அறைக்குள் இருந்து எட்டிப்பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் கண்டேன். விருந்தில் என்னையும் மாஸ்டரையும் முன்வரிசையில் இருத்தினார்கள். மாஸ்டர் பாயாசத்தைக் குடித்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, "கெடுக்கேல்லை" என்றார். பாயாசத்தைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. எனக்கென்றே எடுத்துக்கொண்டேன்.

அன்று முதல் பொங்கலுக்குப் பொங்கல் வளையத்தோடு சரவணைக்குப் போகிறேன். மாஸ்டர் காலமான வருசமும் போனேன். இந்தப் பொங்கலுக்குத் தர்சினியின் கறுப்பு வளையத்தையும் கொண்டுபோனேன். அவள் செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூட்டிப் பார்த்தோம், அழகாகப் பாடியது. சிவபாதம் அண்ணை இப்போது பொல்லு ஊன்றித்தான் நடக்கிறார். கறுப்பு வளையத்தைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஆரின்ரை?"

"உங்கட ரெண்டு பேருக்கும்தான். இங்கையே வைச்சிருங்கோ. இனி என்னைப் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை."

அவர் தங்கையைப் பார்த்தார். பரமேசு அக்கா தலையை ஆட்டினா. அவர் வளையத்தை என் கையில் திருப்பி வைத்தார்.

"எங்கட ரெண்டு பேருக்குமெண்டால் வேண்டாம். நாங்கள் திரும்பவும் பிரிச்சுப்போடுவம். உம்மட பித்தளையை எடும்."

எடுத்தேன். புனலில் ஏற்றி, பெட்டியில் இறக்கினேன். பரமேசு அக்கா ஊசியைப் பூட்டினா. சிவபாதம் அண்ணை பொல்லைச் சுவரில் சாத்திவிட்டுச் சாவியைப் பிடித்தார்.